குடியை நிறுத்திய மூன்றாம் நாள் ராத்திரி



கார்த்திகை பிறக்கப் போகிறது. ஐயப்ப சாமிக்கு மாலை போடுகிறவர்கள் இப்போதே கறுப்பு வேட்டி பார்க்கத் தொடங்கி விட்டார்கள். வருசம் பூராவும் போத்தலும் கையுமாகத் திரிந்த ஆள்கூட, கழுத்தில் மாலை விழுந்த அன்றைக்குக் குடியை விட்டுவிடுவார். பொலிஸ் பிடித்தும் முடியாத காரியம், பெண்டாட்டி பிள்ளைகள் அழுதும் முடியாத காரியம், ஒரு துளசி மாலையால் நடந்துவிடுகிறது. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. நானும் மாலை போட்டவன்தான்.

ஆனால் தினமும் நிறையக் குடித்த ஒருவர் ஒரே நாளில் நிறுத்தும்போது, முதல் நாலு நாளைக்கு அவருடைய உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அந்தத் தெரியாத்தனத்தால் ஒரு உயிர் போனது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

சில வருசத்துக்கு முந்திய சங்கதி. பேரும் தோட்டமும் வேண்டாம். கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர், வயசு நாற்பத்தைந்து இருக்கும். ஒரேயொரு குறை. காலையில் கொஞ்சம் கசிப்பு உள்ளே போகாவிட்டால் கத்தி பிடிக்கிற கை நடுங்கும். போனபின் நடுக்கம் நின்றுவிடும். "அவருக்கு அதுதான் பெற்றோல்" என்று மலையில் கேலி பேசுவார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த வருசம் கார்த்திகை முதலாம் தேதி மாலை போட்டார். வீட்டில் பெரிய சந்தோசம். மறுநாள் பெரட்டுக்கு வரவில்லை. கை நடுக்கத்தில் பிளேன்டீ கோப்பையைக்கூடப் பிடிக்க முடியவில்லை, வேர்த்துக் கொட்டுகிறது, சாப்பிட்டது எல்லாம் வாந்தி. விரதம் பழகவில்லை, குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்தது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். இரண்டாம் நாள் ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி காம்பராச் சுவரெல்லாம் எறும்பு ஊருகிறது என்று கத்தத் தொடங்கினார். தேயிலைக்குள் நின்று யாரோ தன்னைக் கூப்பிடுவதாகச் சொல்லி வெளியே ஓடினார். நாலு பேர் பிடித்தும் அடங்கவில்லை. முனி அடித்துவிட்டது என்றார் ஒருவர். விரதத்தில் ஏதோ குற்றம் நடந்திருக்கிறது, சாமி கோபம் என்றார் இன்னொருவர். இஸ்தோப்புத் தூணில் அவரைக் கட்டிவைத்து விபூதி போட்டு, எலுமிச்சம்பழம் வெட்டினார்கள். அந்தக் கயிற்றை இஸ்டோரில் இருந்து எடுத்துவந்து கொடுத்தவன் நான்.

விடியப்போகும் நேரத்தில் வலிப்பு வந்தது. லொறியில் போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "கடைசியாக எப்போது குடித்தார்?" என்று டொக்டர் கேட்டார். மாலை போட்ட ஆளைப் பற்றி இப்படிக் கேட்கிறாரே என்று எங்களுக்கு வெட்கம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் தரம் கேட்டபிறகுதான் அவர் மனைவி மெதுவாகச் சொன்னார். அன்றைக்குப் பின்னேரமே அவர் இறந்துபோனார்.

பிறகு டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கை நடுங்கத் தொடங்கின அன்றைக்கே கொண்டுவந்திருந்தால், அநேகமாக நடந்தே வீட்டுக்குப் போயிருப்பார்." நான் குடிவெறியைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

நடப்பது என்ன?

சாராயமோ கசிப்போ, மது மூளையை அமர்த்தி வைக்கிற பொருள். குடித்தவுடன் நோவு குறைவதும், கவலை மறப்பதும், நாக்கு குழறுவதும் அதனால்தான். மாதக்கணக்கில், வருசக்கணக்கில் தினமும் அமர்த்திக்கொண்டே இருந்தால் மூளை சும்மா இருக்காது. அதற்கு எதிராக எந்நேரமும் முண்டிக்கொண்டு வேலை செய்யப் பழகிவிடும்.

கொழுந்துக் கூடையை நினைத்துப் பாருங்கள். கயிறு தலையில், பாரம் முதுகில். அதற்குத் தக்கபடி அக்கா முன்னுக்குச் சாய்ந்துதான் மலை ஏறுகிறார். யாராவது பின்னால் வந்து சட்டென்று கயிற்றை அறுத்துவிட்டால் என்ன ஆகும்? பாரம் போய்விட்டதே என்று நிமிர்ந்து நிற்பாரா? முகம்குப்புற விழுவார். குடியைத் திடீரென்று எடுத்துவிட்ட மூளையும் அப்படித்தான் விழுகிறது. அமர்த்தி வைத்த பாரம் போய்விட்டது, முண்டிய முண்டல் மட்டும் நிற்கிறது. நடுக்கம், வேர்வை, படபடப்பு, வலிப்பு, இல்லாததைக் காண்பது எல்லாம் அந்த முண்டல்தான். முனியும் இல்லை, செய்வினையும் இல்லை.

இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. கடைசியாகக் குடித்து 6 மணித்தியாலம் முதல் 12 மணித்தியாலத்துக்குள் கை நடுக்கம், வேர்வை, வாந்தி, நெஞ்சு படபடப்பு, எரிச்சல் தொடங்கும். அநேகம் பேருக்கு இதோடு நின்று, நாலைந்து நாளில் சரியாகிவிடும். சிலருக்கு முதல் இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். இன்னும் சிலருக்கு இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் நடுவில் புத்தி தடுமாறும். நாள் தெரியாது, ஆள் தெரியாது, பூச்சி, பாம்பு, நாய் என்று கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் அடிக்கும். இதைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் நேரத்தோடு சேர்த்தால் பெரும்பாலானோர் பிழைத்துவிடுகிறார்கள். மூளையை அமைதிப்படுத்தும் குளிசையை முதலில் கூடுதலாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வருவார்கள். கூடையைச் சட்டென்று அறுக்காமல் கொழுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிற மாதிரி. குடிக்கிறவர்கள் ஒழுங்காகச் சாப்பிடாததால் உடம்பில் பீ1 விற்றமின் வற்றியிருக்கும். அதையும் ஊசியாகவோ குளிசையாகவோ கொடுப்பார்கள். இந்தக் குளிசைகளைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிப் போடக் கூடாது. குளிசையும் போட்டு மேலே குடித்தால் மூச்சே நின்றுபோகலாம்.

இந்த நோவு மாலை போடுகிற காலத்தில் மட்டும் வருவதல்ல. மலையில் விழுந்து கால் முறிந்து வார்டில் படுத்திருக்கிறவருக்கு மூன்றாம் நாள் இப்படி வரும். ஒப்பரேசனுக்குப் போனவருக்கு வரும். பொலிஸ் கூட்டில் இருக்கிறவருக்கு வரும். காய்ச்சலில் படுத்து, கடைக்குப் போக முடியாதவருக்கும் வரும். ஆகவே எந்தக் காரணத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாலும், தினமும் குடிக்கிறவர் என்றால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குடித்து நோயாய் வந்ததற்காக டொக்டர் யாரையும் பொலிசில் பிடித்துக் கொடுப்பதில்லை.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தியா, நிறுத்தினால்தான் சாவு, குடிப்பதே மேல்" என்று யாராவது சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ஆளுக்கு இரண்டு பதில். சம்பளத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் குடிக்கிறவருக்கு இந்த ஆபத்து இல்லை, அவர் இன்றைக்கே நிறுத்தலாம். தினமும் குடிக்கிறவர் நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் துணையோடு நிறுத்த வேண்டும். யாருக்குத் துணை வேண்டும் என்று கண்டுபிடிக்க பெரிய பரிசோதனை தேவையில்லை. காலையில் கை நடுங்கி, குடித்தால் அந்த நடுக்கம் நிற்கிறதா? முன்பு எப்போதாவது குடியை விட்டபோது வலிப்பு வந்ததா, இல்லாதது கண்ணில் தெரிந்ததா? இதில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் டிஸ்பென்சரிக்கு வராமல் நிறுத்த வேண்டாம். பொம்பளைகளுக்கும் இதே கேள்விதான். நம் லயங்களில் குடிக்கிற அம்மாமார் இல்லையென்று நாம் பொய் சொல்லிக்கொள்ள வேண்டாம். ஆம்பிளை குடித்தால் நாலு பேருக்குத் தெரியும். பொம்பளை குடித்தால் ஒளித்து வைப்போம், அதனால் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு இன்னும் பிந்தித்தான் போகிறார்கள்.

கடையை மூடினால் போதுமா?

கூட்டம் போடும்போதெல்லாம் தலைவர்மார் எழும்பி, டவுன் சாராயக் கடையை மூடச் சொல்லுங்கள், கசிப்புக்காரனைப் பிடிக்கச் சொல்லுங்கள் என்று சொல்வார்கள். நியாயமான பேச்சு. கசிப்பு காய்ச்சுவது சட்டப்படி குற்றம். 2006இல் நிறைவேறிய புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டப்படி 21 வயசுக்குக் குறைந்தவருக்கு மதுவோ சிகரெட்டோ விற்கக் கூடாது, விளம்பரமும் செய்யக் கூடாது. அது நல்ல சட்டம். பத்து வயசுப் பிள்ளையின் கையில் காசைக் கொடுத்துப் போத்தல் வாங்க அனுப்புகிற அப்பாமார் இந்த வரியை இரண்டு தரம் படிக்க வேண்டும்.

ஆனால் கடையை மட்டும் மூடி, குடிக்கிற ஆளைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது நாடு பூராவும் சாராயக் கடைகளை மூடினார்கள். அந்த மாதங்களில் கசிப்பு எந்த ஓடையோரம் எல்லாம் காய்ந்தது என்பதை நான் எழுதித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? சபரிமலை இருக்கிற கேரளாவிலும் அதே மாதம் கடைகளைத் திடீரென்று மூடினார்கள். குடி கிடைக்காமல் நோய்ப்பட்டவர்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் என்று சில நாளிலேயே செய்தி வந்தது. டொக்டர் துண்டு கொடுத்தால் மது வழங்கலாம் என்று அந்த மாநில அரசாங்கம் உத்தரவு போட்டது. டொக்டர்மாரே அதை எதிர்த்தார்கள். இந்த நோவுக்கு ஒழுங்கான மருந்து இருக்கும்போது சாராயத்தை எழுதிக் கொடுப்பதா என்று கேட்டார்கள். ஹைகோர்ட்டும் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. எனக்கு டொக்டர்மார் சொன்னதுதான் சரியாகப் படுகிறது.

கசிப்பில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அதன் காரம் எவ்வளவு என்று காய்ச்சினவனுக்கே தெரியாது. இங்கே சட்டத்தை மீறிக் காய்ச்சுவதிலும், போதை ஏற வேண்டும் என்று எதையெதையோ கலப்பதிலும் மெதனோல் என்கிற விசம் சேரலாம். மணத்திலும் ருசியிலும் அது தெரியாது. குடித்தவுடன் ஒன்றும் செய்யாது. அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல் வரும். கண்ணுக்கு முன்னால் பனி மூட்டம் போட்ட மாதிரி இருக்கிறது என்பார்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் கண் போகும், உயிரும் போகும். 2019 பெப்ரவரியில் இந்தியாவின் அசாமில் கோலாகாட், ஜோர்ஹாட் மாவட்டங்களில் விசச் சாராயம் குடித்து 150 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் பெரும்பாலானோர் நம்மைப்போலத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர், பெண்களும் உண்டு. ஒரே இடத்தில் குடித்த இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாய்க் கண் மங்கினால், வெறி தெளியட்டும் என்று படுக்கப் போடாதீர்கள். குடித்த எல்லாரையும், இன்னும் நோவு தெரியாதவரையும் சேர்த்து, அந்த நிமிசமே கொண்டுபோங்கள்.

நான் சொல்ல வருவது, சட்டமும் வேண்டும், வைத்தியமும் வேண்டும் என்பதே. ஒரு அரைப் போத்தல் சாராயம் ஒரு நாட்சம்பளத்தை முழுசாக விழுங்குகிறது. அப்படியும் குடிக்கிறார் என்றால் அது கொழுப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நாள் பூராவும் மழையில் நனைந்து, மருந்துத் தாங்கி சுமந்து, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் வந்து சேருகிறவருக்குப் போக வேறு இடம் இல்லை என்பதும் ஒரு காரணம். தேர்தல் காலத்தில் போத்தல் யார் கொண்டுவந்து இறக்குகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். குளிருக்கு நல்லது என்ற பேச்சு ஒன்றும் இருக்கிறதே, அது சுத்தப் பொய். குடித்தால் தோலுக்கு ரத்தம் ஓடி உடம்பு சூடான மாதிரி இருக்கும், உண்மையில் உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். குடித்துவிட்டு ரோட்டோரம் விழுந்து கிடந்தவர்கள் பனியில் விறைத்துப் போவது அதனால்தான்.

மதுவுக்கு அடிமைப்படுவதை உலக சுகாதார நிறுவனம் நோய்களின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. நம் ஆட்கள் அதை நோய் என்று ஒத்துக்கொண்டாலும், போகிற இடத்தில் மரியாதை கிடைக்காவிட்டால் மறுபடி போக மாட்டார்கள். ஒருதரம் நான் கூட்டிப்போனவரைப் பார்த்து, "குடிகாரனுக்கெல்லாம் கட்டில் இல்லை" என்று ஒரு ஆஸ்பத்திரியில் வாய்விட்டுச் சொன்னார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார், நேரே கசிப்புக்காரன் வீட்டுக்குத்தான். அதற்குப் பிறகு நான் யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. டிஸ்பென்சரி ஐயாவிடம் ஒரு துண்டு எழுதி வாங்கி, சிங்களம் பேசத் தெரிந்த ஒருவரையும் சேர்த்து அனுப்புகிறேன். துண்டில் மூன்று விசயம் இருந்தால் போதும்: தினம் எவ்வளவு, எத்தனை வருசமாக, கடைசியாக எப்போது. ஆதார ஆஸ்பத்திரிகளில் மனநல கிளினிக்கில்தான் இதைப் பார்ப்பார்கள். "என்னைப் பைத்தியக்கார கிளினிக்குக்கு அனுப்புறீங்களா ஐயா?" என்று கேட்காதவர் இல்லை. நெஞ்சு நோவுக்கு ஒரு கிளினிக், சீனி வருத்தத்துக்கு ஒரு கிளினிக், இதற்கு இது ஒரு கிளினிக், அவ்வளவுதான் என்று சொல்லிக் கூட்டிப்போவேன்.

வீட்டில் இருக்கிற அம்மா, தங்கச்சிமாருக்கு. வெறியில் இருக்கும் ராத்திரி நேரத்தில் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம், அடி வாங்கியதுதான் மிச்சமாகும். காலையில், பிள்ளைகள் பள்ளிக்குப் போனபிறகு பேசுங்கள். நிறுத்துவதென்று முடிவானால் நாள் குறித்து டிஸ்பென்சரிக்கு இரண்டு பேருமாகப் போங்கள். முதல் நாலு நாளும் அவரைத் தனியே விடாதீர்கள். கஞ்சி, தண்ணீர், பழம் என்று அடிக்கடி கொடுங்கள். காம்பராவில் போட்டுப் பூட்டவோ, கட்டவோ வேண்டாம். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்துத் திணிப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் கூடாது. ஒருபக்கம் சரித்துப் படுக்க வைத்து 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேட்காது. லயத்தடிக்கு வண்டி வராத தோட்டங்களில் பெரிய ரோட்டுக்குத் தூக்கிப்போக நாலு பேரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நடுச்சாமத்தில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. பேசி ஆறுதல் தேடவோ எங்கே வைத்தியம் கிடைக்கும் என்று கேட்கவோ 1926, 1927 என்ற இலக்கங்களும் உண்டு. முதலாவது தேசிய மனநல நிறுவகத்துடையது. இரண்டாவது அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுத் தேசிய சபையுடையது.

நாலு நாள் தாண்டினால் உயிருக்கு இருந்த ஆபத்து பெரும்பாலும் தாண்டிவிடும். குடி ஆசை தாண்டாது. மலைக்குப் போய்வந்து மாலை கழற்றிய அன்றைக்கே மறுபடி தொடங்குகிறவர்கள் பாதிப்பேருக்கு மேல் என்று என் கண்ணுக்குப் படுகிறது. அதற்காக "இவன் திருந்த மாட்டான்" என்று கைவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், மூன்றாம் தரம் விட்டு இன்றுவரை தொடாமல் இருப்பவரையும் பார்த்திருக்கிறேன். விழுந்தால் மறுபடி கிளினிக்குக்கு வரலாம். முதல் தரம் வந்ததை வைத்து யாரும் ஏச மாட்டார்கள், ஏசினால் என்னிடம் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்துக் குருசாமி ஒருவர், அந்த மரணத்துக்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். மாலை கேட்டு வருகிறவரை உட்கார வைத்து, "சாமி, கடைசியா எப்ப குடிச்சீங்க? காலையில கை நடுங்குதா?" என்று கேட்பார். நடுங்குகிறது என்றால் மாலையைக் கையில் எடுக்க மாட்டார். "முதல்ல டிஸ்பென்சரிக்குப் போயி மருந்து எடுங்க சாமி. பத்து நாள் கழிச்சு வாங்க, நானே போட்டுவிடுறேன். ஐயப்பன் எங்கயும் ஓடிப்போக மாட்டார்" என்பார். போன வருசம் அப்படி மூன்று பேரை அனுப்பினார். மூன்று பேருமே பிந்தித்தான் மாலை போட்டார்கள், மூன்று பேருமே மலைக்குப் போய் வந்தார்கள்.

கார்த்திகை முதலாம் தேதி நவம்பர் 16 அல்லது 17இல் வரும். தினமும் குடிக்கிறவர்கள் மாலை போட நினைத்தால் நவம்பர் பிறந்தவுடனேயே டிஸ்பென்சரிக்கு வந்து பெயரைக் கொடுங்கள். கூட்டத்தில் வர வெட்கமாயிருந்தால் பின்னேரம் பெரட்டுக்களம் காலியானபின் என் ஆபீசுக்கு வாருங்கள், சேர்ந்து போவோம்.